இரண்டே புரதங்களில் ஒரு பெருக்கம்

மனித மரபணுத்தொகையில் புரதங்களுக்கான குறிப்பைத் தாங்கும் பகுதி 2 விழுக்காட்டுக்கும் குறைவு. லைன்-1 என்ற ஒரே வகைத் துணுக்கோ ஏறக்குறைய 17 விழுக்காட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது. தன்னைத்தானே நகலெடுத்து மரபணுத்தொகையின் வேறோர் இடத்தில் செருகிக்கொள்ளும் இத்தகைய துணுக்குகளை ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் என்கிறார்கள்.

நம்முள் சுமார் 5 லட்சம் லைன்-1 நகல்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை முன்பகுதி அறுந்து செயலிழந்தவை. முழு நீளமான 6,000 டி.என்.ஏ. எழுத்துகளோடு இன்றும் நகலெடுக்கும் திறன் கொண்டவை 100 அளவில்தான் இருக்கும்.

லைன்-1க்குச் சொந்தமாக இரண்டு புரதங்களே உண்டு. மற்ற வேலைகளுக்குச் செல்லின் கருவிகளையே பயன்படுத்திக்கொள்கிறது. முதலில் செல்லின் நொதி ஒன்று லைன்-1ஐப் படித்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கிறது. அந்த நகல் உட்கருவிலிருந்து வெளியேறி ரைபோசோம்களை அடைகிறது. அங்கே உருவாகும் முதல் புரதம் ஓ.ஆர்.எஃப்.1. மும்மூன்றாகச் சேர்ந்து ஆர்.என்.ஏ.வைப் பற்றிப் போர்த்துவது இதன் வேலை. இரண்டாவதான ஓ.ஆர்.எஃப்.2 அளவில் மிகப் பெரியது. டி.என்.ஏ.வை வெட்டும் திறனும், ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் திறனும் இந்த ஒரே புரதத்துக்குள் அமைந்திருக்கின்றன.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. நம் செல்களின் ரைபோசோம்கள் பொதுவாக ஓர் ஆர்.என்.ஏ.விலிருந்து ஒரு புரதத்தைச் செய்து முடித்ததும் கழன்றுவிடும். லைன்-1இலோ இரண்டு புரதங்களுக்கான குறிப்புகளும் ஒரே இழையில், 63 எழுத்து இடைவெளியில் அடுத்தடுத்து இருக்கின்றன. முதல் புரதத்தை முடித்த ரைபோசோம்களில் மிகச் சிலவே அந்த இடைவெளியைத் தாண்டி இரண்டாவதைத் தொடங்குகின்றன. அதனால் முதல் புரதம் ஏராளமாகவும் இரண்டாவது மிக அரிதாகவும் கிடைக்கின்றன.

இந்த அரிய புரதம் தவறான ஆர்.என்.ஏ.வோடு சேர்ந்தால் உழைப்பு வீணாகும். ஆனால் இரண்டு புரதங்களுமே பிறந்த இடத்தை விட்டு விலகாமல், தம்மை உருவாக்கிய அதே ஆர்.என்.ஏ.வைப் பெரும்பாலும் பற்றிக்கொள்கின்றன. லைன்-1இன் வெற்றிக்கு அடிப்படை இந்தப் பிடிப்புதான். நல்ல புரதங்களைத் தரும் நகல் எதுவோ அதுவே பெருகுகிறது, பழுதுபட்டவை பின்தங்கிவிடுகின்றன.

பிறகு ஆர்.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த இந்தக் கூட்டு உட்கருவுக்குள் நுழைகிறது. ஓ.ஆர்.எஃப்.2 டி.என்.ஏ.வின் ஓர் இழையை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முனையையே தொடக்கமாகக் கொண்டு, ஆர்.என்.ஏ.வின் வால் பக்கத்திலிருந்து புதிய டி.என்.ஏ.வை எழுதுகிறது. எழுதுவது பாதியில் நின்றால் தலை அறுந்த நகலே மிஞ்சும். செயலிழந்த லட்சக்கணக்கான நகல்களில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான்.

ஆலு என்ற 300 எழுத்துத் துணுக்குக்குச் சொந்தப் புரதமே கிடையாது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயில் போல, அது லைன்-1இன் ஓ.ஆர்.எஃப்.2ஐக் கொண்டே பெருகி, 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நகல்களை நம் மரபணுத்தொகையில் நிரப்பியிருக்கிறது.

இந்தப் பெருக்கம் பழங்கதை அல்ல. 1988இல் ஹெய்க் கசாசியன் குழுவினர், ரத்தம் உறையாமை நோய் கொண்ட இருவரிடம், ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியின் மரபணுவில் லைன்-1 புதிதாகச் செருகப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அவர்களுடைய பெற்றோரிடம் அந்தச் செருகல் இல்லை. 1996இல் ஜான் மோரன் உள்ளிட்டோர் ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்களில் லைன்-1ஐத் தாவச் செய்தார்கள். அதன் இரண்டு புரதங்களில் எதைப் பழுதாக்கினாலும் தாவல் முடங்கியது.

நலமான செல்கள் டி.என்.ஏ.வில் மெத்தில் குறிகளை இட்டு லைன்-1ஐ அடக்கி வைக்கின்றன. பல புற்றுநோய்களில் இந்தக் குறிகள் குறைந்து, ஓ.ஆர்.எஃப்.1 புரதம் மிகுதியாகத் தோன்றுகிறது. இப்புரதத்தை ரத்தத்திலேயே கண்டறிந்து புற்றுநோயை முன்கூட்டி அடையாளம் காண முடியுமா என்று இன்று ஆராய்கிறார்கள். மரபணுக் குப்பை என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட பகுதியைப் பொறுமையாகப் படித்ததால்தான் இந்தத் தேடல் சாத்தியமாகியிருக்கிறது.