ஞாயித்துக்கிழமை மட்டும் அப்பா!

மார்ச் 25, 2020. நாடு முழுக்க லாக்டவுன். உங்கள்ல பல பேர் அப்போ ஸ்கூல் யூனிஃபார்ம்ல இருந்திருப்பீங்க. 'பரீட்சையே இல்லாம பாஸ்'னு குதிச்சது ஞாபகம் இருக்கா? ஆனா, பிரிஞ்சு வாழற அப்பா - அம்மாவோட பிள்ளைங்களுக்கு அந்த லாக்டவுன் வேற மாதிரி ஃப்ரெண்ட்ஸ்!

ஒரு பொண்ணு அம்மாவோட ராயகிரியில இருக்கான்னு வெச்சுக்குவோம். அப்பாவுக்கு ராஜபாளையத்துல மில் வேலை. 'ஞாயித்துக்கிழமை வந்து பார்க்கலாம்'னு கோர்ட் உத்தரவு. சிவகிரியைத் தாண்டிப் போனா ராஜபாளையம். ஆனா இது தென்காசி மாவட்டம், அது விருதுநகர் மாவட்டம். எல்லை தாண்ட இ-பாஸ் வேணும். ஆரம்பத்துல கல்யாணம், சாவு, அவசர சிகிச்சைன்னாதான் பாஸ். 'மகளைப் பார்க்கணும்'ங்கிறது அந்த லிஸ்ட்லயே கிடையாது! மாவட்டங்களுக்கு இடையிலான இ-பாஸ் ரத்தானது 2020 செப்டம்பர் 1-ல்தான்.

மில்லும் மூடியாச்சு. 'பணம் வரலை, பேச விட மாட்டேன்'னு அம்மா. 'பேச விடலை, பணம் தர மாட்டேன்'னு அப்பா. நடுவுல மாட்டிக்கிட்டது யாரு?

சட்டப்படி இது ரெண்டும் தனித்தனி மேட்டர். பிள்ளையைப் பார்க்கிறது பணத்துக்குக் கிடைக்கிற ரசீது இல்லை. வருமானம் குறைஞ்சா, ஜீவனாம்சத் தொகையைக் குறைக்கச் சொல்லி கோர்ட்ல மனு போடலாம். தானாவே நிறுத்தக் கூடாது.

கொரோனாவுக்குச் சற்று முன்பே, 2020 ஜனவரியில், யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒண்ணு சொல்லிடுச்சு. பிரிந்திருக்கும் பெற்றோரோடு போனிலோ வீடியோ காலிலோ தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பேசும் உரிமை குழந்தைக்கு உண்டு. லாக்டவுன் நேரத்தில், ஏப்ரல் 30-ல், நேரில் சந்திப்பதற்குப் பதிலா மின்னணு வழியில் பேசிக்கொள்ளலாம்னும் யோசனை சொன்னது.

நவம்பர் 2020-ல் ரஜ்னேஷ் - நேஹா வழக்குத் தீர்ப்பு. கணவன், மனைவி ரெண்டு பேருமே வருமானம், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமா தரணும். மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்காகும்.

இதுல குழந்தைன்னா சின்னப் பசங்க மட்டும்னு நினைக்காதீங்க. தன்னைத் தானே பராமரிக்க முடியாத, கல்யாணமாகாத இந்து மகள், 18 வயசு தாண்டினாலும் 1956-ம் வருடச் சட்டப்படி அப்பாகிட்ட ஜீவனாம்சம் கேட்கலாம். இதுவும் 2020 செப்டம்பர் தீர்ப்புதான்.

உங்க கிளாஸ்லயும் இப்படி ஒரு ஃப்ரெண்ட் இருக்கலாம். 'யார் மேல தப்பு'ன்னு கேட்காதீங்க, ப்ளீஸ். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே இல்லாம இலவச சட்ட உதவி உண்டு. அந்த நம்பரை மட்டும் சொல்லுங்க... 15100!