தேவராஜ மொஹல்லாவில் ஒன்றரை நாள்

மைசூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் அரண்மனை, சாமுண்டி மலை, மிருகக்காட்சி சாலை, பிருந்தாவனம் என்று எல்லாவற்றையும் ஒரே பகலில் முடித்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். குன்னூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்காக மும்பையிலிருந்து புறப்பட்ட எங்களுக்கு, 2023 பிப்ரவரியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அங்கே தங்கும்படி ஆயிற்று. ஊர் இருவருக்கும் புதிது. "என்னங்க, காரும் வேண்டாம், கைடும் வேண்டாம். நடக்கிற தூரத்தில் இருப்பதைப் பார்த்தால் போதும்" என்றாள் என் மனைவி. அவள் முழங்கால்தான் இதில் கடைசித் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்பதால் நான் மறுக்கவில்லை.

பெங்களூரிலிருந்து ரயிலில் போனோம். இந்தப் பாதை தாது வருஷப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாகத் தொடங்கி, 1882-ல் மைசூரை எட்டியது. அப்போது திவானாக இருந்தவர் செங்கல்பட்டுச் சீமையில் பிறந்த ரங்காசார்லு. நடுவில் மத்தூர். நீராவி எஞ்சின்கள் தண்ணீர் பிடிக்க நின்ற காலத்தில் அந்த ஸ்டேஷனில் பிறந்ததுதான் மத்தூர் வடை. உளுந்தே கிடையாது, ரவை, மைதா, அரிசி மாவு, வெங்காயம் சேர்த்துத் தட்டையாகத் தட்டிப் போடுவது. ஒரு வடை தின்றால் அடுத்த ஸ்டேஷன் வரை பேச முடியாது. அத்தனை கடக்முடக்.

மொஹல்லா என்றால் நம்முடைய பேட்டை மாதிரி. பழைய மைசூர் இப்படிப் பல மொஹல்லாக்களாகப் பிரிந்திருந்தது. கோட்டை, லஷ்கர், மண்டி, நஜர்பாத், கிருஷ்ணராஜ, சாமராஜ ஆகியவற்றோடு தேவராஜ மொஹல்லாவும் ஒன்று. இங்கே தேவராஜ அர்ஸ் பெயரில் ஒரு கடைவீதி இருப்பதால், மார்க்கெட்டும் அந்த முதலமைச்சர் பெயரில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் பிறந்தது 1915-ல். மார்க்கெட் அதற்கு முன்பே இருந்தது. அந்தத் தேவராஜர் உடையார் வம்சத்து அரசர்.

லாட்ஜில் பெட்டியை வைத்துவிட்டு நேரே மார்க்கெட்டுக்குப் போனோம். தெற்கு முனையில் டஃபரின் பிரபு பெயர் கொண்ட மணிக்கூண்டு. ஊரார் அதைச் 'சிக்க கடியார', அதாவது சின்னக் கடிகாரம் என்கிறார்கள். பெரிய கடிகாரம் நகரசபை மண்டபத்துக்கு அருகில் இருக்கிறது. 1927-ல் நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் வெள்ளி விழாவுக்கு எழுப்பியது. உயரம் 75 அடி. அந்த மண்டபமும் நம் ரங்காசார்லுவின் நினைவாக எழுந்ததுதான்.

மார்க்கெட்டுக்குள் ஏறக்குறைய 800 கடைகள். முதலில் மூக்குக்குத்தான் வேலை: மல்லிகை, வெற்றிலை, வாழைப்பழம், ஊதுவத்தி, சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டிகளில் அத்தர். குங்குமத்தையும் வண்ணப் பொடிகளையும் கோபுரம் கோபுரமாகக் குவித்து வைத்திருந்தார்கள். நம் ஊரில் பூவை முழம் போட்டு விற்கிறோம்; அங்கே 'மாரு' கணக்கு, இரண்டு கையையும் விரித்த நீளம். பூக்கார அம்மாளுக்கு நீளமான கை. என் மனைவிக்கு லாபம்!

நஞ்சன்கூடு ரஸபாளே வாழைப்பழம் கேட்டோம். புவிசார் குறியீடு பெற்ற பழம். ஆனால் வாடல் நோய் தாக்கிச் சாகுபடி மிகவும் சுருங்கிவிட்டது. நாலு கடை ஏறி இறங்கிய பிறகு ஒரு பெரியவர், "நாளைக் காலையில் சீக்கிரம் வாருங்கள்" என்று தமிழிலேயே சொன்னார். மறுநாள் காலையில் ஒரு சீப்பு கிடைத்தது. தோல் மெலிசு, சதை வெண்ணெய் மாதிரி. விலையைக் கேட்டு என் மனைவி முகம் சுளித்தாள், தின்றபின் பேசவில்லை.

இனி எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம். மார்க்கெட்டை ஒட்டியுள்ள லேன்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012 ஆகஸ்டில் இடிந்து நாலு பேர் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில், புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, மார்க்கெட்டின் வடக்கு வாசல் பகுதி விழுந்தது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. அதிலிருந்து, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதா, பழுது பார்த்துக் காப்பதா என்று ஒரே வாதம். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போயிற்று.

பாலங்களோடு காலம் தள்ளியவன் என்ற முறையில் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். செங்கல், சுண்ணாம்புக் காரைக்கு வயதாவது நோயல்ல. நூறு வருஷம் கடந்த செங்கல் வளைவுப் பாலங்களின் மேல், கட்டியவர்கள் நினைத்தும் பாராத பாரத்தோடு இன்றும் ரயில் ஓடுகிறது. சுண்ணாம்புச் சுவருக்கு எமன் மூன்று: அடைத்த வடிகால், இடுக்கில் வேர் விட்ட அரசங்கன்று, ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும் சிமெண்டுப் பூச்சு. நாலாவதாக, அஸ்திவாரத்தை ஒட்டி முட்டுக் கொடுக்காமல் பள்ளம் தோண்டுவதையும் சேர்த்துக்கொள்ளலாம். நாங்கள் சுற்றிய வழியிலேயே சுவரில் செடியைப் பார்த்தேன்.

ஆனாலும் நாலு உயிர் போன இடத்துக்குப் பக்கத்தில் நின்று, பழமை அழகு என்று மட்டும் பேச எனக்கு வாய் வரவில்லை. மழை நாளில் அந்தக் கூரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பூக்கார அம்மாள்தான். இடித்துக் கட்டினாலோ, அத்தனை கடைக்காரர்களும் வருஷக்கணக்கில் வேறிடம் போக வேண்டும். போனவர்களுக்குப் பழைய இடமே கிடைக்குமா என்ற பயம் அவர்களுக்கு. ரயில்வேயில் ஓடுகிற பாதையில் பாலத்தைப் பழுது பார்க்கும்போது போக்குவரத்தை நிறுத்தமாட்டோம். வேகக் கட்டுப்பாடு போட்டு, தாங்கு கட்டைகள் கொடுத்து, ஒவ்வொரு கண்ணாக முடிப்போம். மார்க்கெட்டையும் அப்படி வரிசை வரிசையாகச் செய்யலாம் என்பது என் கட்சி. காலம் பிடிக்கும், செலவும் குறையாது. "உங்களை யார் கேட்டார்கள்?" என்று மனைவி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மார்க்கெட் கட்டடத்திலேயே, சயாஜி ராவ் சாலையைப் பார்த்தபடி குரு ஸ்வீட் மார்ட். மைசூர் பாக்கை முதலில் செய்தவர் என்று சொல்லப்படும் அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பாவின் வம்சத்தார் நடத்துவது. கடை சின்னது, கூட்டம் பெரிது. துண்டு வாயில் கரைகிறது, நெய் விரலில் நிற்கிறது. பல்லைப் பதம் பார்க்கும் நம் தீபாவளி மைசூர் பாக்கு தனி ஜாதி. அதற்கும் ரசிகர்கள் உண்டு, நான் ஒருவன்.

ஞாயிறு காலை டிபனுக்கு உட்கார்ந்தோம். சர்வர் "சௌசௌ பாத்" என்றதும், "காலங்கார்த்தாலே சௌசௌக் கூட்டா?" என்று என் மனைவி திகைத்துப் போனாள். வந்தது ஒரே தட்டில் காராபாத், கேசரிபாத்! அடுத்து மசால் தோசை. உட்புறம் சிவப்புச் சட்னி தடவியது. மெத்தென்ற வெண்ணெய்த் தோசை வேண்டுமானால் நஜர்பாதுக்கு ஆட்டோ பிடித்து மைலாரி என்று கேட்க வேண்டும். அங்கே அசல் நாங்கள்தான் என்பவர்கள் ஒருவருக்கு மேல்.

ஜகன்மோகன் அரண்மனைச் சித்திரசாலையில் ஒரு மணி நேரம். கையில் விளக்கேந்திய பெண் ஓவியத்தை வரைந்த ஹல்தங்கர் பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் படித்தவர். அந்த ஒளி எங்கிருந்து வருகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். மத்தியானம் எனக்காக ரயில்வே மியூசியம். 1979-ல் தொடங்கியது, ஸ்டேஷனுக்குப் பக்கம். 1899-ம் வருஷத்து மகாராணி சலூன் வண்டியில் சமையலறையைப் பார்த்துவிட்டு, "நம் வீட்டு அடுக்களையைவிட வசதி" என்றாள் மனைவி.

மாலையில் பெரிய அரண்மனை. பழைய மர அரண்மனை 1897-ல் எரிந்தபின், ஹென்றி இர்வின் வரைபடத்தில் 1912-ல் முடிந்தது. சென்னை எழும்பூர் ஸ்டேஷனை வடிவமைத்தவரும் அவரே. கல்யாண மண்டபத்து வார்ப்பிரும்புத் தூண்கள் கிளாஸ்கோவிலிருந்து கப்பலேறி வந்தவை. ஞாயிறு இரவு ஏழு மணிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் ஒரே சமயத்தில் எரிந்தபோது, கூட்டம் முழுவதும் "ஓ" என்றது. எங்கள் குரலும் அதில் உண்டு.

திங்கள் காலை பஸ்ஸில் கிளம்பினோம். பந்திப்பூர் காட்டுச் சாலையை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் அதற்கேற்பத் திட்டமிடவும். மைசூர் பாக்கு வாங்குகிறவர்கள், வழியில் தீர்வதற்கென்று ஒரு அரைக் கிலோ கூடுதலாக வாங்கவும்.