மண் பாதை வண்டிகளின் முன் ஸ்பிண்டில்

மோட்டார் வண்டியின் முன் சக்கரம் ஒவ்வொன்றும் குட்டையான ஓர் உருக்கு முளையின்மேல் சுழல்கின்றது. பட்டறைகளில் இதனை ஸ்பிண்டில் என்றும் ஸ்டப் ஆக்ஸில் என்றும் அழைப்பர். முளை தான் சுழல்வதில்லை. பேரிங்குகளின்மேல் அமர்ந்த ஹப்பே அதனைச் சுற்றி வருகின்றது. முளையின் அடிப்பகுதி கிங் பின்னைத் தாங்கும் துண்டுடன் இணைந்திருக்கும். நுனியில் மரையும் நட்டும் இருக்கும். அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் இம்முளைக்குப் பதிலாக வேறு அமைப்பு உள்ளது. ஆயினும் ஜீப்புகள், லாரிகள், மண் தடத்தில் ஓடும் பந்தயக் கார்கள் ஆகியவற்றில் இன்றும் இதனைப் பரவலாகக் காணலாம். இது முறிந்தால் சக்கரம் கழன்று தனியே ஓடிவிடும்.

பந்தயக்காரருக்கு மட்டும் உரிய கவலை அன்று இது. சிறிய அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து தோட்டங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் செல்லும் மண் பாதைகளில், மழைக்காலத்துப் பள்ளங்களும் சக்கரத் தடங்களும் முன் சக்கரங்களைப் பக்கவாட்டில் ஓயாது இடிக்கின்றன. கடற்காற்றின் உப்பு வேறு. உதிரிப் பாகமோ கப்பலில் வந்து சேர வேண்டும். ஆதலின் எத்தகைய ஸ்பிண்டில் நெடுநாள் உழைக்கும் என்பதை அறிந்து தேர்ந்தெடுப்பது இங்கு மிகவும் தேவையாகின்றது.

வண்டியின் பாரத்தைத் தாங்க முடியாமலே ஸ்பிண்டில் முறிகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். முன் சக்கரம் ஒன்றின்மேல் 400 கிலோகிராம் பாரம் இருப்பதாகவும், சக்கரத்தின் நடுக்கோடு முளையின் அடியிலிருந்து 5 செ.மீ. தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். அடியில் உண்டாகும் வளைக்கும் திருப்பம் 20 கிலோகிராம்-மீட்டர். அவ்வண்டி வளைவில் திரும்பும்போது தரை டயரைப் பக்கவாட்டில் தள்ளுகின்றது. மண் தரையில் அவ்விசை பாரத்தில் பாதி, அதாவது 200 கிலோகிராம் எனலாம். அது முளைக்குக் கீழே, டயரின் ஆரமாகிய 35 செ.மீ. தொலைவில் செயற்படுவதால் அதன் திருப்பம் 70 கிலோகிராம்-மீட்டர் ஆகின்றது. பாரம் தரும் திருப்பத்தைப்போல் இது மூன்றரை மடங்கு! மேலும், வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில் இது பாரத்திற்கு எதிர்த் திசையில் வளைக்கின்றது. உட்பக்கச் சக்கரத்தில் பாரத்துடன் சேர்ந்துகொள்கின்றது. பாதை இடமும் வலமுமாக வளைந்து செல்லும்போது முளையின் அடி மேலும் கீழுமாக மாறி மாறி வளைகின்றது. அமெரிக்காவின் நீள்வட்ட மண் தடங்களில் கார்கள் பெரும்பாலும் இடப்புறமாகவே சுற்றுவதால், அங்கே வலது முன் ஸ்பிண்டிலே மிகுந்த சோதனைக்கு உள்ளாகின்றது.

இவ்வாறு மாறி மாறி வளைவதால் விளையும் முறிவிற்கு உலோகக் களைப்பு என்று பெயர். 1842ஆம் ஆண்டு மே மாதம் பிரான்சில் வெர்சேல்ஸிலிருந்து பாரிஸுக்குச் சென்ற ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சின் பருமன் திடீரென மாறும் மூலையிலேயே விரிசல் தோன்றி உள்நோக்கி வளர்கின்றது என்பதை அடுத்த ஆண்டு ராங்கின் என்னும் பொறியியலார் எடுத்துக் காட்டினார். பின்னர் ஜெர்மனியில் வோலர் என்பவர் ரயில் அச்சுகளைப் பல்லாண்டுகள் சோதித்து, ஒரு குறிப்பிட்ட அளவிற்குக் கீழ்ப்பட்ட தகைவை உருக்கு எத்தனை முறையும் தாங்கும் என்று கண்டார். உப்பு நீரால் அரிப்புண்ணும் உருக்கிற்கு இந்தப் பாதுகாப்பு எல்லை இல்லாமற் போகின்றது. கடலோர வண்டிகளைப் பற்றிய முக்கியச் செய்தி இதுவே.

எனவே ஸ்பிண்டிலை வாங்குவோர் முதலில் அதன் அடியைப் பார்த்தல் வேண்டும். முளை அகன்ற பகுதியோடு சேரும் மூலை கூர்மையாக இன்றி, வழுவழுப்பான வளைவாக அமைந்திருத்தல் நன்று. லேத் உளியின் கீறல் அங்கே தெரிந்தால் அதனைத் தள்ளிவிடலாம். அடுத்தது பருமன். வளைவைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினால் வலிமை மூன்றில் ஒரு பங்கு கூடும். நான்கு சக்கரங்களும் இயங்கும் ஜீப்பில் முளை உள்ளே துளையுடையது என்று அஞ்ச வேண்டியதில்லை. துளையின் விட்டம் வெளிவிட்டத்தில் பாதியாயினும் வலிமையில் பதினாறில் ஒரு பங்கே குறையும்.

காய்ச்சி அடித்து உருவாக்கிய முளை, உருளைக் கம்பியை வெறுமே கடைந்து செய்ததைவிடச் சிறந்தது. அதில் உலோகத்தின் இழையோட்டம் வடிவத்தை ஒட்டியே செல்லும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்து, பதப்படுத்திய உருக்கு சாதாரணக் கரி உருக்கைவிட மேலானது. ஆனால் கடினம் ஒன்றையே நாடுவது தவறு. மிகக் கடினமான உருக்கு சிறு கீறலையும் பொறுக்காது. பேரிங்கின் உள்வளையம் நழுவிச் சுழன்று முளை தேய்ந்துவிட்டால், வெல்டிங் வைத்து நிரப்பிக் கடைந்து தருவோர் உண்டு. மலிவான வேலைதான், ஆயினும் அந்தச் சூடு, களைப்பு தொடங்குவதற்கென்றே ஓர் இடத்தை உண்டாக்கிவிடுகின்றது. முன் ஸ்பிண்டிலில் இதனை ஒருபோதும் செய்தல் கூடாது.

2004 டிசம்பர் 26இல் சுனாமி ஹட் பேயைத் தாக்கியது. அத்தகைய வெள்ளத்திலோ, கரையோர அலையிலோ கடல் நீர் புகுந்த ஹப்பை உடனே கழற்றி, நன்னீரால் கழுவி, உலர்த்தி, சீல்களை மாற்றிப் புதுக் கிரீஸ் இடுதல் வேண்டும். துருக்குழிகள் அடிமூலையில் காணப்பட்டால் முளையை நீக்கிவிடுவதே தக்கது.

விரிசலைக் கண்டறிய எளிய முறை ஒன்று உண்டு. முளையைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்கு துடைத்து, சாக்குப் பொடியை மெல்லியதாகப் பூசுக. விரிசல் இருப்பின் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து, வெண்பூச்சில் கருங்கோடாகத் தெரியும். மயிரிழை விரிசல்கள் இதற்குத் தப்பக்கூடும். காந்தப் பொடிச் சோதனை நுட்பமானது.

முறிந்த முளை கிடைத்தால் ஆசிரியர்கள் அதனை வகுப்பில் காட்டலாம். களைப்பால் முறிந்த முகத்தில், அலைகள் மணலில் விட்டுச்செல்லும் வரிகளைப் போன்ற கோடுகள் படிப்படியாக விரிந்திருக்கும். இறுதியில் ஒரே நொடியில் முறிந்த பகுதி சொரசொரப்பாக இருக்கும். வரிகளின் வளைவைப் பின்னோக்கித் தொடர்ந்தால் விரிசல் தொடங்கிய புள்ளியை மாணவர்கள் தாமே கண்டுகொள்வர்.