காப்பாற்ற வந்த குண்டு

அண்டை வீட்டில் அடிதடி. குழந்தைகளின் அலறல் கேட்கிறது. கதவோ தாழிடப்பட்டிருக்கிறது. உடைத்துக்கொண்டு உள்ளே போவது குற்றமா, கடமையா? கடமை என்றே கூறுவோம். ஆனால் போகிறவன் ஊர்ச் சண்டியன், கையிலே வெடிகுண்டு, எந்த வீட்டுக் கதவை உடைப்பது என்பதையும் அவனே முடிவு செய்கிறான் என்றால்?

1999-ல் கொசோவோ எழுப்பிய கேள்வி இதுதான். அங்கு வாழ்ந்த அல்பேனிய மக்களை மிலோசெவிச்சின் சர்க்கார் கொடுமைப்படுத்தியது. அதை நாம் மறைக்கவும் மாட்டோம், மன்னிக்கவும் மாட்டோம். அக்கொடுமையைத் தடுக்கப் போகிறோம் என்று கூறி மார்ச் 24-ல் நேட்டோ விமானங்கள் கிளம்பின. 78 நாள் குண்டுமாரி!

சட்டம் என்ன சொல்கிறது? 1945-ன் ஐ.நா. சாசனப்படி, ஒரு நாட்டின்மீது படை ஏவ இரண்டே வழிகள்: தற்காப்பு, அல்லது பாதுகாப்புச் சபையின் அனுமதி. நேட்டோவிடம் இரண்டும் இல்லை. ரஷ்யாவும் சீனாவும் தடுத்துவிடும் என்பதால் அனுமதி கேட்கவே இல்லை.

ஏப்ரல் 23 பின்னிரவில் பெல்கிரேடு தொலைக்காட்சி நிலையத்தின்மீது குண்டு விழுந்தது. இரவு வேலையில் இருந்த 16 ஊழியர்கள் மாண்டனர். மிலோசெவிச்சா மாண்டார்? இல்லை, தோழர்களே! கூலிக்கு உழைத்தவன் மாண்டான். 8 லட்சத்துக்கு மேற்பட்ட அல்பேனியர் எல்லைக்கு அப்பால் விரட்டப்பட்டனர்; பெரும்பாலோர் குண்டுவீச்சு தொடங்கிய பிறகே! போர் ஓய்ந்தபின் அவர்கள் வீடு திரும்பினர் என்பதும் உண்மை. இத்தனையும் பார்த்த சர்வதேச விசாரணைக் கமிஷன் ஒன்று 2000-ல் கூறிய முடிவு: சட்டவிரோதம், ஆயினும் நியாயம்!

சட்டம், சட்டம் என்று கைகட்டி நிற்பதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1994-ல் ருவாண்டாவில் நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். சட்டப்படி அதிகாரம் பெற்ற பாதுகாப்புச் சபை, ஏப்ரல் 21-ல் அங்கிருந்த ஐ.நா. படையை 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது! கொசோவோவுக்குப் பறந்த கருணை, ருவாண்டாவுக்கு நடந்தாவது வந்ததா?

உதவிக்குப் போகாதே என்பதல்ல நம் வாதம். போனவன் கணக்குக் காட்டு என்கிறோம். பத்து நேட்டோ நாடுகள்மீது யுகோஸ்லாவியா 1999-ல் ஹேக் உலக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. நியாயம் தம் பக்கம் என்றவர்கள், இந்த வழக்கை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று வாதாடினர். இரண்டு வழக்குகள் அவ்வாண்டே நீங்கின. மற்ற எட்டும் 2004-ல் அதிகார வரம்பில்லை என்று தள்ளுபடியாயின. குண்டு வீசியது முறையா என்பதற்குத் தீர்ப்பே இல்லை.

கதவை உடைத்தவன் பஞ்சாயத்துக்கு வரட்டும். வர மறுப்பவனின் கருணையை நாம் நம்பத் தயாரில்லை.