சொல்லில்லாத கீதமும் விசிலும்

2009 மே 13 அன்று வாலென்சியாவில் நடந்த ஸ்பெயின் மன்னர் கோப்பை இறுதியாட்டத்தை ஒரு அரசியல் பிரதியாகவே நான் வாசிக்கிறேன். பாஸ்க் மண்ணின் அத்லெடிக் பில்பாவோவும் கட்டலோனியாவின் பார்சிலோனாவும் மோதின. மன்னர் முன்னிலையில் தேசிய கீதம் ஒலித்ததும் இரு தரப்பு ரசிகர்களும் விசிலடித்தார்கள். அரசுத் தொலைக்காட்சி அதை நேரலையில் காட்டவில்லை. இடைவேளையில், விசில் சத்தத்தை அமுக்கிப் போட்டது.

வெறும் விசில்தானே, எதுக்கு இத்தனை பதற்றம்? ஃபிராங்கோ ஆட்சியில் இந்தக் கோப்பைக்கு அவருடைய ராணுவப் பட்டமே பெயர். 1941இல் 'அத்லெடிக்' என்ற பெயரையும் ஸ்பானியமாக்க வைத்தார்கள். பெயரைப் பிடுங்கியவர்களின் நினைவு அவ்வளவு லேசில் அழியுமா?

அந்தக் கீதத்துக்கு அதிகாரபூர்வ வரிகள் கிடையாது. சொல்லில்லாத கீதத்துக்குச் சொல்லில்லாத பதில். 4-1 என்று பார்சிலோனா ஜெயித்தது. ஆனால் ஒரே தேசம் என்று காட்டத்தான் கோப்பை என்றால், மறுப்பவர்களை ஒரே மைதானத்தில் சேர்த்ததும் அதே கோப்பைதான்.