நன்னி: ஓர் உறவுச்சொல்லும் அதன் பொருளும்

கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமானூர் வட்டாரத்தில் தந்தையைப் பெற்றவரை அப்பாயி என்றும் தாயைப் பெற்றவரை அம்மாயி என்றும் அழைப்பர். ஈற்றில் நிற்கும் 'ஆயி' தாயைக் குறிப்பதாகும். எனவே, அழைக்கும்போதே உறவின் வழி விளங்கிவிடுகிறது. பாட்டி என்னும் பொதுச்சொல்லுக்கு இத்தெளிவு இல்லை. பழந்தமிழில் அச்சொல்லின் பொருளும் வேறு: தொல்காப்பிய மரபியல் அதனைப் பன்றி, நாய், நரி ஆகியவற்றின் பெண்பாற்பெயராகக் கூறுகிறது.

தமிழ் முஸ்லிம்களின் வழக்கிலும் இப்பாகுபாடு உண்டு. கடற்கரை ஊர்களில் உம்மாவின் உம்மா உம்மும்மா. வாப்பாவின் உம்மா வாப்பும்மா. சொல் வேறாயினும் ஆக்கமுறை அப்பாயி, அம்மாயிக்கு உரியதே. தந்தையை அத்தா என்றழைக்கும் இராவுத்தர் குடும்பங்கள் பலவற்றில் நன்னி, நன்னிமா என்னும் சொற்கள் வழங்குகின்றன. உருதுவில் தாயின் தாய் 'நானி', தந்தையின் தாய் 'தாதி'. நானியே தமிழ் நாவில் நெடில் குறுகி, ஒற்று இரட்டித்து நன்னி ஆயிற்று எனலாம். சில வீடுகளில் அது இருவரையுமே குறிக்கிறது.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. அரபியில் இருவரையும் 'ஜத்தா' என்ற ஒரே சொல் குறிக்கும். கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் ஒரு மூதாட்டி பேரப்பிள்ளையின் சொத்தில் பங்கு கேட்டு வந்தார். நபி (ஸல்) அவர்கள் ஆறில் ஒரு பங்கு வழங்கியதை முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அறிவிக்க, முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அதனை உறுதிசெய்தார். பின்னர் மற்றொரு வழிப் பாட்டி உமர் (ரலி) அவர்களிடம் வந்தபோது, இருவரும் இருப்பின் அந்த ஆறில் ஒன்றையே பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று தீர்ப்பளிக்கப்பட்டது.

இறந்தவரின் தாய் உயிருடன் இருந்தால் பாட்டியர் இருவருக்கும் பங்கில்லை. ஹனஃபி, ஷாஃபிஈ சட்டப்படி, தந்தை இருப்பின் தந்தையின் தாய்க்குப் பங்கில்லை. தாயின் தாய்க்கு அத்தடை இல்லை. ஆகவே, பாகப்பிரிவினையின்போது 'பாட்டி இருக்கிறார்' என்பது மட்டும் போதாது. எவ்வழிப் பாட்டி என்பதே வினா. அம்மாயி, வாப்பும்மா என்ற சொற்களில் விடை அடங்கியிருக்கிறது. நன்னி என்றால் அந்த வீட்டு வழக்கைக் கேட்டறிய வேண்டும்.

பேச்சுவழக்கு என்று நாம் ஒதுக்கும் இச்சொற்கள் ஒரு மூதாட்டியின் உரிமையையும் சுமந்து நிற்கின்றன. எல்லோரையும் பாட்டி என்றே அழைக்கப் பிள்ளைகளைப் பழக்குமுன் இதனை நாம் எண்ணிப் பார்ப்பது நன்று.