கையை விட்ட தாய்

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலையில் கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் முதலிய நம் கரையோர ஊர்களை ஆழிப்பேரலை தாக்கியதை நம்முள் எவரும் மறந்திருக்க மாட்டோம். இழந்த படகுக்கும் வலைக்கும் வீட்டுக்கும் கணக்கெடுத்தார்கள். உள்ளத்தில் நேர்ந்த சேதத்தைக் கணக்கெடுக்க வந்தவர்கள் சிலரே.

ஒரு தாயைப் பற்றி, அவரது இசைவைப் பெற்றே, இங்கு எழுதுகிறேன். ஊரும் பெயரும் வேண்டா. அன்று பிள்ளைகள் இருவரையும் இரு கைகளிலும் பற்றிக்கொண்டு ஓடினார். ஒரு கை விடுபட்டது. ஏழாண்டுகள் கழிந்தபின் பங்கு இல்லத்துக்கு வந்து, "சாமி, நான் கையை விட்டுட்டேன்" என்றார். (பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதாயின் இதில் ஒரு சொல்லும் எழுத எனக்கு உரிமையில்லை, அலுவலக அறையில் கணவரும் உடனிருக்கச் சொன்னது இது.) இரவில் உறக்கமில்லை. அலையோசை கேட்டால் நெஞ்சு படபடக்கும். எஞ்சிய மகனைப் பள்ளிச் சுற்றுலாவுக்கும் அனுப்புவதில்லை.

நான் செய்தது யாது? இது பாவமே அன்று என்று விளக்கினேன். நவநாள் செய்யச் சொன்னேன். திருத்தலங்களுக்கு அனுப்பினேன். இப்படியே ஈராண்டுகள் கழிந்தன. அவருடைய விசுவாசத்தில் குறையில்லை. அவருக்கு வேறோர் உதவியும் தேவை என்பதை உணர எனக்குத்தான் அத்தனை காலம் பிடித்தது. மேய்ப்புப்பணியில் உளவியலின் கண்டுபிடிப்புகளையும் பயன்படுத்த வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இலேயே கூறியதைக் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன் நான்.

உளச்சிகிச்சை என்றதும் பலர் மின்சார அதிர்ச்சியையும் மயக்க மாத்திரையையும் நினைத்து நடுங்குகின்றனர். இது பேச்சினால் நடைபெறும் மருத்துவம். வியன்னாவில் பிராயர் என்னும் மருத்துவர் 1880-களில் ஒரு பெண்ணைப் பேசவிட்டுக் கேட்டதில் தொடங்கி, 1960-களில் அமெரிக்காவில் ஆரன் பெக் வகுத்த சிந்தனை வழிச் சிகிச்சை வரை இது பல முறைகளாக வளர்ந்துள்ளது. மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர்; பேச்சுவழிச் சிகிச்சையைப் பெரும்பாலும் நடத்துபவர் மருத்துவ உளவியலாளர். சிலருக்கு இரண்டும் தேவைப்படும்.

அந்தத் தாய்க்கு நடந்ததைச் சொன்னால் மற்றவை விளங்கும். முதல் இரண்டு சந்திப்புகளில் உளவியலாளர் அவருடைய வாழ்க்கையை விசாரித்தறிந்தார். இச்சிகிச்சையால் எதை அடைய விரும்புகிறீர்கள் என்றும் கேட்டார். "தூங்கணும், பையனை வெளியே விடணும்" என்றாராம். அதன்பின் வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம். அன்று காலையில் நடந்ததைத் தொடக்கமுதல் ஒழுங்காகச் சொல்லவைத்தார். மறுவாரமும் அதையே சொல்லவைத்தார். முதல் மாதத்தில் நிலைமை மோசமாயிற்று. வீட்டில் எரிந்து விழுந்தார். "இது போதும், நிறுத்திவிடலாம் சாமி" என்று கணவர் என்னிடம் வந்தார். புண்ணைத் திறந்து கழுவும்போது எரிவதைப் போல இது பலருக்கு நேர்வதுண்டு; ஆனால் அதை உளவியலாளரிடமே சொல்ல வேண்டும், சொல்லாமல் நின்றுவிடலாகாது. அவரும் சொன்னார், சற்று மெதுவாகச் சென்றார்கள். ஒருநாள், அந்த வேகத்தில் எந்தக் கையும் நின்றிராது என்பதை அவரே தம் வாயால் கூறினார். பல ஆண்டுகளாக ஊரார் அனைவரும் அவரிடம் கூறிவந்த அதே வார்த்தைதான்!

பின்பு கடலைப் பேருந்திலிருந்து பார்ப்பது, சாலையில் நின்று பார்ப்பது, கணவரோடு மணலில் நிற்பது எனப் படிப்படியாகப் பழக்கினார்கள். ஐந்து மாதங்கள் ஆயின. துயரம் போய்விடவில்லை, போகவும் வேண்டியதில்லை. உறக்கம் வந்தது. மகன் சுற்றுலா சென்றான்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய்ப் பட்டியலில் நீடித்த துயர் நோய் என்பதற்குத் தனி இடமுண்டு. ஆகவே இதனை விசுவாசக் குறைவென்றோ பேயின் வேலையென்றோ கூறுவோர் சற்றுப் பொறுக்க வேண்டுகிறேன்.

உளவியலாளர் இரகசியம் காப்பார். ஆனால் அது பாவசங்கீர்த்தன இரகசியத்தைப் போன்றதன்று. உயிருக்கு ஆபத்து எனக் கண்டால் உரியவர்க்கு அறிவிப்பார்; குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்திருப்பின் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி தெரிவித்தே ஆகவேண்டும். பாவமன்னிப்பும் அவர் தருவதில்லை. 'இதைச் செய்' என்று அறிவுரை கூறுவதும் அரிது. அதனால் ஏமாற்றமடைவோர் உண்டு. சில வாரங்கள் சென்றும் மனம் ஒட்டவில்லையெனில் வேறொருவரை நாடலாம். அதில் நன்றிக்கேடு ஏதுமில்லை. மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்டறிவது நன்று. கேட்கக் கூசவேண்டாம்.

செலவை எண்ணித் தயங்குவோர் செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். கோவளத்தில் 'தி பான்யன்' அமைப்பினர் பணிபுரிகின்றனர். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவையில் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். மன நலத்துக்கான மருத்துவம் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். சந்திப்பு முடிந்து வருபவரிடம் "என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய்? எங்களைப் பற்றியும் சொன்னாயா?" என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்காதீர்கள். அந்தக் கணவர் ஒன்றும் கேட்டதில்லை. பேருந்து நிலையத்தில் தேநீர் வாங்கித் தந்து, வீடு வரும்வரை பேசாமலே உடன் வருவாராம்.